அகராதியை விழுங்கியும் அரை மார்க்கு போச்சு!

வெளிநாட்டு ஆசையில் வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்பவர்கள் கவனத்துக்கு...

வெளிநாட்டில் படிக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும் என்று துடிக்கும் வாலிபர்களும் இளம் பெண்களும் கையில் தடித்த புத்தகத்தோடு அலைகிறார்கள். பஸ்சில் படிக்கிறார்கள். மின்சார ரெயிலில் படிக்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் உதடு அசைகிறது.

அது கதைப் புத்தகம் அல்ல. பரீட்சைப் புத்தகமும் முழுசாக அல்ல. இங்கிலீஷ் வார்த்தைப் பட்டியல்!

ஆயிரம் வார்த்தை, இரண்டாயிரம் வார்த்தை, 3 ஆயிரத்து 500 வார்த்தை என்று பட்டியல் நீளுகிறது. வாயில் நுழையாத வார்த்தை எத்தனை தெரியுமோ, அத்தனை மார்க்கு என்று நினைத்துக்கொண்டு உருப்போடுகிறார்கள்.

ரிசல்ட் வருகிறது. அரை மார்க்கு குறைகிறது. கட்டிய பணம் போச்சு!

அந்த அரை மார்க்கு எங்கே போகிறது?

17 ஆயிரம் ரூபாய் பரீட்சை

இங்கிலீஷ் தெரியுமா என்று சோதிக்கும் பரீட்சைகளில் நம் ஊரில் அதிகம் அடிபடும் பெயர் ஐ.இ.எல்.டி.எஸ். அமெரிக்கா போகிறவர்கள் டோபல் எழுதுகிறார்கள். டோபல் 1964-ல் தொடங்கியது. ஐ.இ.எல்.டி.எஸ். 1989-ல் இந்தப் பெயரோடு வந்தது. இந்தியாவில் 2021 முதல் இதை ஐ.டி.பி. என்ற ஒரே நிறுவனம்தான் நடத்துகிறது.

ஒரு தடவை எழுத 17 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். பயிற்சி வகுப்புக்குத் தனிப் பணம். ஒரு குமாஸ்தா வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. பெண்ணின் வளையல் அடகுக் கடைக்குப் போனால்தான் பல வீடுகளில் இந்தப் பணம் புரளும்.

எழுதி வாங்கிய மார்க்கும் ஆயுசுக்கும் செல்லாது. 2 வருஷம்தான்! அதற்குள் விசாவும் இடமும் கிடைக்காவிட்டால் மறுபடி முதலில் இருந்து எழுத வேண்டியதுதான்.

பாஸும் இல்லை, பெயிலும் இல்லை

இந்தப் பரீட்சையில் பாஸ், பெயில் கிடையாது. "பேண்டு" என்று சொல்கிறார்கள். அதிகபட்சம் 9. அரை அரையாக ஏறும்.

நாலு பகுதி இருக்கிறது. காதால் கேட்டுப் பதில் எழுதுவது, 40 கேள்வி. படித்துப் பதில் எழுதுவது. 40 கேள்வி, 1 மணி நேரம். சொந்தமாக எழுதுவது, இரண்டு கட்டுரை, 1 மணி நேரம். முதலாவது 150 வார்த்தைக்குக் குறையக் கூடாது. இரண்டாவது 250. கடைசியில் ஒரு பரீட்சை அதிகாரியோடு நேருக்கு நேர் 11 முதல் 14 நிமிஷம் பேச்சு.

நாலையும் கூட்டி நாலால் வகுத்தால் வருவது மொத்த மார்க்கு.

ஒரு கணக்கு: கேட்பதில் 6.5, படிப்பதில் 6.5, எழுதுவதில் 5.5, பேசுவதில் 6.5. கூட்டினால் 25. நாலால் வகுத்தால் 6.25. இது 6.5 என்று மேலே ஏறும். அதே ஆள் பேச்சில் 6 வாங்கியிருந்தால்? கூட்டுத்தொகை 24.5. வகுத்தால் 6.125. இது 6 என்று கீழே இறங்கிவிடும்!

பேச்சில் அரை குறைந்தது. மொத்தத்திலும் அரை பறிபோனது. 6.5 கேட்கும் கல்லூரியின் கதவு சாத்தியாகிவிட்டது.

குழாயடியில் செந்தமிழ்!

அந்த அரையைப் பிடிக்கத்தான் எல்லாரும் பெரிய வார்த்தையைத் தேடி ஓடுகிறார்கள். அங்கேதான் கோளாறு.

எழுத்துக்கும் பேச்சுக்கும் மார்க்கு போடும்போது நாலு விஷயம் பார்க்கிறார்கள். வார்த்தை வளம் அதில் ஒன்று. அதாவது, கால் பங்குதான். எழுத்தில் மற்ற முக்கால் பங்கும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா, சொல்வது கோர்வையாக இருக்கிறதா, இலக்கணம் சரியா என்பதற்குப் போகிறது. பேச்சில் தடங்கல் இல்லாத ஓட்டமும் உச்சரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

அந்தக் கால் பங்கிலும் அதிகாரி பார்ப்பது வார்த்தையின் நீளத்தை அல்ல. இடத்துக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான். அபூர்வமான வார்த்தையைச் சரியாகப் போட்டால் மார்க்கு ஏறும். தப்பாகப் போட்டால் இறங்கும்.

கார்ப்பரேஷன் குழாயடியில் நின்றுகொண்டு ஒருவர், "அம்மணி, தங்கள் குடத்தைச் சற்றே அப்பால் நகர்த்துவீராக" என்றால் என்ன ஆகும்? தமிழில் தப்பு இல்லை. ஆனால் குழாயடியே சிரிக்கும். "கொஞ்சம் நகத்தும்மா" என்றால் வேலை நடக்கும்.

இங்கிலீஷிலும் இதே கதைதான். பட்டியல் படித்தவர்களின் செல்லப்பிள்ளை "பிளெதோரா" என்ற வார்த்தை. ஏராளம், அளவுக்கு மீறியது என்று அர்த்தம். கிரேக்க மொழியில் இருந்து வந்தது. ஆரம்பத்தில் இது ஒரு வைத்திய வார்த்தை. உடம்பில் ரத்தம் அளவுக்கு மேல் பெருகிவிட்ட நிலைக்கு அந்தப் பெயர்! "எங்கள் வீட்டில் பிளெதோரா உறவினர்கள் இருக்கிறார்கள்" என்று பேச்சுப் பரீட்சையில் சொன்னால் அதிகாரிக்கு ஆசாமியின் குட்டு வெளிப்பட்டுவிடும். பட்டியலை உருப்போட்டுவிட்டு வந்திருக்கிறார்!

கட்டுரையை அப்படியே மனப்பாடம் செய்து கக்குவது இன்னும் ஆபத்து. மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்ட்ராங் டீயும் ஹெவி மழையும்

ஆகவே, தனி வார்த்தையைப் படித்தால் போதாது. அதன் கூட்டாளியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தமிழில் காற்று வீசும். மழை பெய்யும். வெயில் அடிக்கும். "மழை வீசுகிறது, வெயில் பெய்கிறது" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. இதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

இங்கிலீஷில் மழைக்குக் கூட்டாளி "ஹெவி". டீக்குக் கூட்டாளி "ஸ்ட்ராங்". இது எந்த டீக்கடையிலும் தெரிந்த விஷயம். மாற்றி "ஹெவி டீ, ஸ்ட்ராங் ரெயின்" என்று எழுதினால் அர்த்தம் புரியும். ஆனால் இங்கிலீஷ் அல்ல.

குற்றம் செய்தான் என்பதற்கு "டூ எ கிரைம்" என்று எழுதுகிறார்கள். அது தப்பு. "கமிட் எ கிரைம்" என்பதுதான் வழக்கு. முடிவு எடுப்பதற்கு "மேக்" போட வேண்டும். கவனம் செலுத்துவதற்கு "பே" போட வேண்டும். காசு கட்டுகிற அதே "பே"தான்!

இந்தக் கூட்டாளிகளை ஜோடி ஜோடியாகப் படித்தவர் 100 வார்த்தையில் காரியம் சாதிப்பார். தனி வார்த்தை படித்தவர் ஆயிரத்தை வைத்துக்கொண்டு திணறுவார்.

கைது, பிடிபட்டார், கம்பி எண்ணுகிறார்

படிக்கும் பகுதியிலும், கேட்கும் பகுதியிலும் வேறு மாதிரி பொறி இருக்கிறது.

ஒரு பத்திரிகையில் "வாலிபர் கைது" என்று செய்தி. இன்னொன்றில் "ஆசாமி பிடிபட்டார்". மூன்றாவதில் "கம்பி எண்ணுகிறார்". மூன்றும் ஒரே ஆள், ஒரே வழக்கு. படிக்கிறவருக்கு இது உடனே விளங்கும்.

பரீட்சையும் இதைத்தான் சோதிக்கிறது. பாடத்தில் ஒரு வார்த்தை இருக்கும். கேள்வியில் அதே வார்த்தை இருக்காது. அதே அர்த்தத்தில் வேறொன்று இருக்கும். கேள்வியில் உள்ள வார்த்தையைப் பாடத்தில் கண்ணால் தேடிக்கொண்டிருந்தால் நேரம் ஓடிவிடும். ஒரு வார்த்தை படித்தால், அதற்கு மாற்றாக வரும் இரண்டு வார்த்தையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்துப் பிழைக்கு இங்கே மன்னிப்பு இல்லை. பதில் சரியாக இருந்து ஒரு எழுத்து தப்பினாலும் மார்க்கு கிடையாது. பிரிட்டன் ஸ்பெல்லிங், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டையும் ஏற்கிறார்கள். இரண்டு வார்த்தைக்கு மேல் போகக்கூடாது என்று சொன்னால் மூன்று எழுதக்கூடாது. தப்பான பதிலுக்கு மார்க்கு கழிப்பதில்லை. ஆகவே எதையும் காலியாக விட்டுவிட்டு வருவது புத்திசாலித்தனம் அல்ல.

பெரிய வார்த்தைக்கு மவுசு இருந்த காலம்

பெரிய வார்த்தை மோகம் சும்மா வந்துவிடவில்லை. அதற்கும் காரணம் உண்டு.

அமெரிக்காவில் மேல்படிப்புக்கு ஜி.ஆர்.இ. என்று ஒரு பரீட்சை. என்ஜினீயரிங் முடித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதற்காகத் தலையணை அளவு புத்தகங்களைக் கரைத்துக் குடித்தார்கள். அதில் ஒரு வார்த்தையைக் கொடுத்து எதிர்ப்பதம் கேட்பார்கள். சுற்றிலும் வாக்கியம் இருக்காது. வார்த்தை தெரிந்தால் மார்க்கு, தெரியாவிட்டால் முட்டை. அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்கு வந்தது. தம்பி படித்தது பழைய புத்தகக் கடைக்கு வந்தது.

2011 ஆகஸ்டில் அந்த எதிர்ப்பதக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குள் பொருந்தும் வார்த்தையைத்தான் கேட்கிறார்கள். எஸ்.ஏ.டி. என்ற இன்னொரு அமெரிக்கப் பரீட்சையிலும் எதிர்ப்பதம் 1994-லேயே போய்விட்டது. 2016-ல் யாரும் பேசாத அபூர்வ வார்த்தைகளுக்கும் விடை கொடுத்துவிட்டார்கள்.

பரீட்சை மாறிவிட்டது. பட்டியல் மட்டும் மாறாமல் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது!

எந்த வார்த்தை படிப்பது?

இதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மைக்கேல் வெஸ்ட் என்ற வெள்ளைக்கார ஆசிரியர் 1953-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அவர் டாக்காவில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். வங்காளப் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கத் தவிப்பதைக் கண்ணால் பார்த்தவர். அடிக்கடி புழங்கும் சுமார் 2 ஆயிரம் வார்த்தைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இதுதான் அஸ்திவாரம்.

அதற்கு மேல் மாடி கட்டியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் என்ற பெண்மணி. கல்லூரிப் பாடப் புத்தகங்களையும் கட்டுரைகளையும் சேர்த்து 35 லட்சம் வார்த்தைகளை அலசினார். எல்லாப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் 570 வார்த்தைக் குடும்பங்களைப் பிரித்தெடுத்து 2000-ம் ஆண்டில் வெளியிட்டார். கல்லூரிப் பாடங்களில் சுமார் பத்தில் ஒரு வார்த்தை இந்த 570-க்குள் அடங்கிவிடுகிறது.

குடும்பம் என்றால்? "அனலைஸ்" என்பது தலைவர். "அனலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிகல்" எல்லாம் அவர் பிள்ளைகள்.

தாம்பரத்தில் இருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரெயிலில் சுமார் 1 மணி நேரம். போகும்போது 5 குடும்பம் படிக்கலாம். திரும்பும்போது அந்த 5-ஐயும் புத்தகம் பார்க்காமல் சொல்லிப் பார்க்கலாம். இப்படிப் போனால் 114 நாளில் 570-ம் முடிந்துவிடும். நாலு மாசம்கூட ஆகாது.

கல்யாணப் பத்திரிகை வைத்தியம்

படித்தால் நிற்க மாட்டேன் என்கிறதே என்பதுதான் எல்லாருடைய புலம்பலும்.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் இதைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தார். அர்த்தம் இல்லாத அசைகளை உருப்போட்டார். எத்தனை மறக்கிறது என்று குறித்துவைத்தார். 1885-ல் புத்தகமாகப் போட்டார். ஒரு நாள் கழிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது என்பது அவர் கண்டது.

மருந்தும் உண்டு. மறக்கப் போகும் நேரத்தில் மறுபடி பார்ப்பது. 1972-ல் லெய்ட்னர் என்பவர் இதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார். செலவு கிடையாது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்ன அட்டையாக வெட்ட வேண்டும். ஒரு பக்கம் வார்த்தை. மறு பக்கம் அர்த்தமும் ஒரு வாக்கியமும். செருப்புப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுக்க வேண்டும். எல்லா அட்டையும் முதல் அறையில். சரியாகச் சொன்ன அட்டைக்கு அடுத்த அறைக்குப் பிரமோஷன். தப்பாகச் சொன்ன அட்டை எங்கே இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த அறைகளை நாள் கூட்டிக் கூட்டிப் பார்த்தால் போதும்.

தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து மகிழும் பழக்கம் இதில் ஒழிந்துவிடும்.

இன்ஸ்பெக்டருக்கும் சந்தேக ஆசாமிக்கும் ஒரே தாத்தா!

இன்னொரு குறுக்கு வழி உண்டு. இது நேர்மையான குறுக்கு வழி.

லத்தீன் மொழியில் பார்ப்பது என்பதற்கு உள்ள வேர் "ஸ்பெக்ட்". உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். கீழே இருந்து ஒரு மாதிரியாகப் பார்க்கப்படுகிறவர் சஸ்பெக்ட். அதாவது சந்தேக ஆசாமி. திரும்பிப் பார்க்க வைப்பது ரெஸ்பெக்ட். மேட்ச் பார்க்கிறவர் ஸ்பெக்டேட்டர். சுற்றிலும் பார்த்து நடப்பவர் சர்கம்ஸ்பெக்ட், எச்சரிக்கைக்காரர். கடைசி வார்த்தை பெரிய பரீட்சை வார்த்தை. இன்ஸ்பெக்டரைத் தெரிந்தவருக்கு அது சுலபமாகிவிட்டது!

"போர்ட்" என்றால் சுமப்பது. சென்டிரல் ஸ்டேஷனில் பெட்டி சுமப்பவர் போர்ட்டர். உள்ளே கொண்டு வருவது இம்போர்ட். வெளியே கொண்டு போவது எக்ஸ்போர்ட். "மால்" என்றால் கெட்டது. மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. கொசுதான் காரணம் என்று தெரியாத காலத்தில் வைத்த பெயர்.

இங்கிலீஷ்காரர்களும் நம்மிடம் கடன் வாங்கியவர்கள்தான். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி மூன்றும் இங்கிலீஷ் அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

"வாட் ஈஸ் யுவர் நேட்டிவ்?"

நம் ஊர் இங்கிலீஷ் சிலது கடல் தாண்டினால் செல்லாது.

சொந்த ஊருக்கு "நேட்டிவ்" என்கிறோம். அங்கே "ஹோம் டவுன்" என்றால்தான் புரியும். கல்லூரி முடித்ததை "பாஸ்டு அவுட்" என்கிறோம். அங்கே அதற்கு மயக்கம் போட்டு விழுந்தான் என்று அர்த்தம்! கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கு "ஐ ஹேவ் எ டவுட்" என்கிறோம். அங்கே, உங்கள் பேச்சை நம்பவில்லை என்பதுபோல் தொனிக்கும்.

பில் போடும் கடைக்காரர்கள் "ரிசீப்ட்" என்கிறார்கள். அந்த எழுத்தில் "ப்" இருக்கிறது, உச்சரிப்பில் இல்லை. "ரிசீட்" என்பதே சரி. கடனுக்கு உள்ள "டெட்" என்ற வார்த்தையிலும் நடுவில் ஒரு "பி" ஊமையாக உட்கார்ந்திருக்கிறது.

நர்சுகளின் கண்ணீர்

அரை மார்க்கின் அருமை நர்சுகளுக்குத் தெரியும். பிரிட்டனில் நர்சாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ்.சில் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தலா 7 வேண்டும். எழுத்தில் முன்பு 7 கேட்டார்கள். 2018-ல் அதை 6.5 ஆகக் குறைத்தார்கள்.

பேச்சில் 8 வாங்கியும், எழுத்தில் 6 வந்தால் வேலை கைக்கு வராது. சராசரியை இங்கே பார்ப்பதில்லை.

இவர்களுக்கு ஓ.இ.டி. என்ற மாற்றுப் பரீட்சை இருக்கிறது. ஆஸ்பத்திரி வேலை சம்பந்தப்பட்ட இங்கிலீஷ்தான் இதில் வரும். நோயாளியைப் பற்றி இன்னொரு இடத்துக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். வார்டில் தினமும் புழங்கும் வார்த்தைகள் என்பதால் நர்சுகளுக்கு இது கைகொடுக்கும்.

ஆள்மாறாட்டம்: கோர்ட்டில் வெளுத்த சாயம்

படிக்காமலே மார்க்கு வாங்கித் தருகிறோம் என்று கிளம்பியவர்களும் உண்டு.

2014-ல் பிரிட்டனில் டோயிக் என்ற இங்கிலீஷ் பரீட்சையில் ஆள்மாறாட்டம் நடப்பதை பி.பி.சி. டெலிவிஷன் ரகசியமாகப் படம் பிடித்துப் போட்டது. 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. ஏராளமான வெளிநாட்டு மாணவர்கள் விசாவை இழந்தார்கள். தப்பே செய்யாத நாங்களும் மாட்டிக்கொண்டோம் என்று பலர் வருஷக் கணக்கில் கோர்ட்டுப் படி ஏறினார்கள்.

2022-ல் குஜராத் வாலிபர்கள் சிலர் கனடாவில் இருந்து படகில் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்றனர். ஆற்றில் படகு மூழ்கியது. மீட்கப்பட்டுக் கைதானார்கள். கோர்ட்டில் நீதிபதி இங்கிலீஷில் கேட்டார். பதில் வரவில்லை! இந்தி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ்.சில் அவர்கள் வாங்கியிருந்த மார்க்கு 6.5 முதல் 7 வரை! மெக்சானா போலீசார் விசாரணையில் இறங்கினார்கள்.

மார்க்கு சீட்டு கையில் இருந்தாலும் வாய் திறந்தால் தெரிந்துவிடும்.

பெற்றோர் கவனிக்க

"8 பேண்டு கியாரண்டி" என்று யாராவது சொன்னால் சந்தேகப்பட வேண்டும். மார்க்கு போடுவது பயிற்சி வகுப்பு அல்ல. "கொஸ்டின் பேப்பர் கையில் இருக்கிறது" என்று சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். பரீட்சை எழுதாமலே சீட்டு தருகிறேன் என்பது சுத்த மோசடி. கல்லூரியும் தூதரகமும் சீட்டின் நம்பரைப் போட்டு மார்க்கை நேரடியாகச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. போலி என்று தெரிந்தால் விசா ஆசையே முடிந்துவிடும்.

பணம் கட்டுமுன் பிள்ளை போகப்போகும் கல்லூரி எத்தனை மார்க்கு கேட்கிறது, எந்தப் பரீட்சையை ஏற்கிறது என்று அதன் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்க்க வேண்டும். ஒரு பகுதியில் மட்டும் மார்க்கு குறைந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதி கம்ப்யூட்டர் பரீட்சையில் வந்திருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் அதை ஏற்பதில்லை. இதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது. உடனே 1930 என்ற சைபர் கிரைம் நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, அவ்வளவு சீக்கிரம் அந்தப் பணத்தை வழியில் மடக்கப் பார்க்கலாம்.